ஒன் பீஸ் கிளாசெட் வாங்குவதற்கு முன்: தரைத் துளை முதல் மாடித் தொட்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்குள் நுழைந்ததும் கண் முதலில் தேடுவது பீங்கானின் பளபளப்பையும் மூடியின் வடிவத்தையும்தான். ஆனால் எந்தக் கிளாசெட் உங்கள் குளியலறையில் சரியாக அமரும் என்பதை நீங்கள் கடைக்குப் போவதற்கு வெகு முன்பே மூன்று விஷயங்கள் முடிவு செய்துவிடுகின்றன. கழிவுக் குழாய் தரையில் எந்த இடத்தில் திறந்திருக்கிறது, அறையின் அகலம் எவ்வளவு, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் எப்படிப்பட்டது ஆகியவையே அந்த மூன்று. இவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவருக்கு நூறு மாடல்களில் பத்துதான் மிஞ்சும். அந்தப் பத்தில் எது பிடிக்கிறதோ அதைத் தயங்காமல் வாங்கலாம். அளக்காமல் போகிறவருக்கு நூறும் பிடிக்கும், பொருத்தும் நாளில்தான் சிக்கல் தெரியவரும்.

ஒன் பீஸ் யாருக்கு ஏற்றது, யாருக்கு வேண்டாம்

ஒன் பீஸ் கிளாசெட்டில் உட்காரும் பகுதியும் ஃப்ளஷ் தொட்டியும் ஒரே பீங்கானாக வார்த்துச் சுடப்பட்டிருக்கும். கப்புள்டு கிளாசெட் என்று நம் கடைகளில் சொல்லப்படும் இரண்டு துண்டு வகையில், தொட்டி தனியாக வந்து போல்ட்டுகளாலும் ரப்பர் வாஷராலும் கிண்ணத்தின் மேல் இணைக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் அந்த போல்ட்டுகள் துருப்பிடிப்பதும், வாஷர் இறுகிச் சுருங்கித் தண்ணீர் கசிவதும் அடிக்கடி நடப்பவை. ஒன் பீஸில் அந்த இணைப்பே இல்லை. அழுக்கு தங்கும் இடுக்கும் இல்லாததால் துடைப்பதும் எளிது.

இதற்கு விலையும் உண்டு. தொட்டியில் விரிசல் விழுந்தால் கப்புள்டு வகையில் தொட்டியை மட்டும் மாற்றிவிடலாம். ஒன் பீஸில் முழுக் கிளாசெட்டையும் கழற்ற வேண்டும். எடையும் அதிகம், 40 கிலோவைத் தாண்டும் மாடல்கள் சாதாரணமாகவே விற்கின்றன. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குறுகலான படிக்கட்டில் இதைத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும் என்பதையும், திருப்பத்தில் ஓர் இடி பட்டாலே விளிம்பு பெயர்ந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கு நான் கப்புள்டு வகையையே பரிந்துரைப்பேன். சொந்த உபயோகத்துக்கு, அதிலும் சுத்தம் செய்யும் வேலை ஒருவர் தலையிலேயே விழும் வீட்டுக்கு, ஒன் பீஸ் கொடுத்த பணத்துக்குத் தகும்.

முதல் படி: தரைத் துளையை அளத்தல்

இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கிளாசெட்டின் கழிவு வெளியேறும் வழி இரண்டு வகைப்படும். கீழ்நோக்கித் தரைக்குள் இறங்குவது எஸ் டிராப். பின்னோக்கிச் சுவருக்குள் செல்வது பி டிராப். அடுக்குமாடிகளில் குழாய் சுவர் வழியாக வெளியே, குழாய்கள் இறங்கும் ஷாஃப்டுக்குப் போயிருந்தால் பி டிராப்பும், தரையில் வட்டமான துளை தெரிந்தால் எஸ் டிராப்பும் தேவை. பி டிராப்புக்கு, முடிந்த தரையிலிருந்து சுவர்த் துளையின் மையம் வரையுள்ள உயரத்தை அளக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் அது 180 மி.மீ. அளவில் இருக்கும்.

எஸ் டிராப்புக்கு அளக்க வேண்டியது, பின்சுவரிலிருந்து தரைத் துளையின் மையம் வரையுள்ள தூரம். துளையின் விளிம்பு வரை அளந்துவிட்டு வருவதே அதிகம் நடக்கும் பிழை. 110 மி.மீ. குழாய்க்கு விளிம்பிலிருந்து மையம் 55 மி.மீ. தள்ளியிருக்கிறது, இந்த வித்தியாசமே ஒரு மாடலை முற்றிலும் பொருந்தாததாக ஆக்கிவிடும். நம் சந்தையில் அதிகம் கிடைப்பவை 9 அங்குலம், 12 அங்குலம் எனப்படும் இரு அளவுகள்; பட்டியல்களில் இவை 220 அல்லது 225 மி.மீ. என்றும், 300 மி.மீ. என்றும் அச்சிடப்பட்டிருக்கும். துளை சுவரை ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு 4 அங்குல மாடல்களும் உண்டு.

இனி, எந்தச் சுவரிலிருந்து அளப்பது என்ற கேள்வி. டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்துதான். வீடு கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் செங்கல் சுவரிலிருந்து 300 மி.மீ. விட்டுக் குழாயை நிறுத்திவிட்டு, பூச்சும் ஒட்டுக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 25 முதல் 30 மி.மீ. வரை தின்றுவிட்ட பிறகு, மிச்சம் 270 என்று தெரியவருவது நம் ஊரில் வாடிக்கை. அந்த 270-இல் 300 மி.மீ. மாடல் உட்காராது, தொட்டியின் முதுகு சுவரில் இடிக்கும். 225 மி.மீ. மாடல் உட்காரும், ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே 45 மி.மீ. சந்து கூடுதலாக நிற்கும். தவறி விழுந்த துடைப்பத் துணியை எடுக்கக் கை நுழையாத, ஆனால் கரப்பான் பூச்சி தாராளமாகக் குடியேறக்கூடிய சந்து அது. ஆகவே கட்டுமான நிலையிலேயே, வேண்டிய அளவுடன் 30 மி.மீ. சேர்த்துக் குழாயை நிறுத்தும்படி பிளம்பரிடம் சொல்லிவிடுவது நல்லது. இதைவிட நல்லது, கிளாசெட்டை முதலில் முடிவு செய்து அதன் அளவு வரைபடத்தைப் பிளம்பர் கையில் கொடுத்துவிடுவது.

சில சென்டிமீட்டர் வித்தியாசத்தை ஈடுகட்ட, கிளாசெட்டின் வாயைத் தரைக் குழாயோடு இணைக்கும் மையம் விலகிய ரப்பர் காலர்கள் கடையில் கிடைக்கின்றன. 20 மி.மீ. அளவுக்கு நகர்த்த அவை உதவும். அதற்கு மேல் நகர்த்த முயன்றால் கழிவு இறங்கும் பாதை குறுகி, அடைப்புக்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

தொட்டிக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் சுவர்க் குழாயான ஆங்கிள் காக்கின் இடத்தையும் இதே வேளையில் அளந்துகொள்ளுங்கள். ஒன் பீஸ் கிளாசெட்டுகளின் உடல் தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதால், சுவரின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆங்கிள் காக் பீங்கானின் முதுகில் முட்டி, கிளாசெட்டை முன்னால் தள்ளிவிடும். பல மாடல்களுக்கு அது தரையிலிருந்து ஏறத்தாழ 200 மி.மீ. உயரத்தில், மையக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக விலகி இருக்க வேண்டும். துல்லியமான எண் அந்தந்த மாடலின் வரைபடத்தில் இருக்கும்.

பழைய இந்தியன் கிளாசெட்டை எடுத்துவிட்டு மாற்றுபவர்களுக்கு

முழங்கால் வலி காரணமாகப் பெற்றோருக்காக இந்த மாற்றத்தைச் செய்யும் வீடுகள் இன்று ஏராளம். இங்கே ஓர் உண்மையை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: தரையில் பதித்த பழைய பேசினின் வெளியேறும் இடமும், புதிய கிளாசெட்டுக்கு வேண்டிய இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது. பழைய பேசினுக்குக் கீழே டிராப் ஒன்று, அதாவது சாக்கடை வாயு மேலே வராதபடி நீர் தேங்கி நிற்கும் வளைவு, புதைந்திருக்கும். ஒன் பீஸ் கிளாசெட்டுக்குள்ளேயே நீர்ப்பூட்டு இருப்பதால், கீழே உள்ள பழைய டிராப்பை அகற்றிவிட்டு நேரான குழாயாக மாற்ற வேண்டும். இரண்டு டிராப்புகள் அடுத்தடுத்து இருந்தால் நடுவே காற்று அடைபட்டு, ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர் இறங்காமல் தயங்கி நிற்கும்.

பழைய பேசினை உடைத்து, குழாயைத் தேவையான தூரத்துக்கு நகர்த்தி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை மீண்டும் அடித்து, குழியை நிரப்பி, டைல்ஸ் ஒட்டுவது வரை ஒரே தொடர் வேலையாகத் திட்டமிடுங்கள். பூச்சு அடித்த பின் தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் வைத்து, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்காமல் குழியை மூட அனுமதிக்க வேண்டாம். செலவின் பெரும்பகுதி இந்த வேலையில்தான் போகும். வீட்டில் இரண்டு குளியலறைகள் இருந்தால் ஒன்றில் இந்தியன் கிளாசெட்டை அப்படியே விட்டுவைப்பதில் தவறொன்றும் இல்லை. குந்தி உட்காரப் பழகியவர்கள் அதைத் தேடுவார்கள்.

இரண்டாம் படி: அறையின் அகலத்தைக் கணக்கிடுதல்

வரைபடத்தில் 4 அடி அகலம் என்று எழுதப்பட்ட குளியலறையை எடுத்துக்கொள்வோம். 4 அடி என்பது 1,220 மி.மீ. இரண்டு பக்கமும் பூச்சும் டைல்ஸும் போக மிஞ்சுவது சுமார் 1,160. இந்தக் குறுக்கு அகலத்தில், அதாவது நீளச் சுவரில் முதுகு வைத்து, 700 மி.மீ. நீளமுள்ள ஒரு ஒன் பீஸ் கிளாசெட்டைச் சுவரிலிருந்து 10 மி.மீ. விலக்கி வைத்தால், எதிர்ச் சுவர் வரை 450 மி.மீ. மட்டுமே இருக்கும். உட்கார்ந்துவிடலாம். ஆனால் எழும்போது உடலும் தலையும் முன்னால் சாய்ந்துதான் எழ முடியும் என்பதால் அந்த இடம் போதாது, வயதானவர்களுக்கு நிச்சயமாகப் போதாது. முன்புறம் 600 மி.மீ. இருப்பது வசதி, 530-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறை இவ்வளவு குறுகலாக இருந்தால் கிளாசெட்டை 4 அடிச் சுவரில் முதுகு வைத்து, அறையின் நீளத்தை நோக்கித் திருப்பி வைப்பதே வழி. அது முடியாதபோது 650 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான நீளமுள்ள குட்டை மாடலைத் தேடலாம். பக்கவாட்டில், கிளாசெட்டின் மையக்கோட்டிலிருந்து சுவரோ வாஷ் பேசினோ குறைந்தது 380 மி.மீ. தள்ளியிருந்தால்தான் தோள் இடிக்காமல் உட்கார முடியும். கதவு உள்நோக்கித் திறக்கும் அறையில் அதன் வீச்சையும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பார்த்துவிடுங்கள். கிளாசெட்டின் நீள அகலத்தைச் செய்தித்தாளில் வெட்டித் தரையில் போட்டு, அதன்மேல் ஒரு ஸ்டூலை வைத்து உட்கார்ந்து எழுந்து பார்ப்பது சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் அளவு நாடா சொல்லாததை அது சொல்லிவிடும்.

மூன்றாம் படி: ஃப்ளஷ் முறையைத் தெரிவு செய்தல்

விற்பனையாளர் சூறாவளி, சுழல், புயல் என்று என்ன பெயர் சொன்னாலும் அடிப்படையில் முறைகள் இரண்டே. வாஷ்டவுன் முறையில் தண்ணீர் தன் எடையாலும் வேகத்தாலும் கழிவைத் தள்ளிக்கொண்டு போகிறது. சைஃபானிக் முறையில், வளைந்து நீண்ட ஒரு பாதை முழுவதும் நீர் நிரம்பி உறிஞ்சும் விசை உண்டாகி, கிண்ணத்தில் இருப்பதை இழுத்துக்கொள்கிறது.

சைஃபானிக் கிளாசெட்டில் நீர்ப்பரப்பு அகலமாக இருக்கும். ஆகவே பீங்கானில் கறை ஒட்டுவதும் நாற்றம் எழுவதும் குறைவு. சத்தமும் மென்மையானது. குறையும் அந்த வளைந்த பாதையிலேயே இருக்கிறது. அதன் உள்விட்டம் பல மாடல்களில் ஏறக்குறைய 50 மி.மீ. அளவுதான். சானிட்டரி நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், குழந்தையின் சிறு பொம்மை ஆகியவற்றில் எது விழுந்தாலும் அங்கே சிக்கிக்கொள்ளும். முழு அளவுத் தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கினால்தான் உறிஞ்சு விசை பிறக்கும் என்பதால், தொட்டியில் நீர் குறைவாக இருந்தால் அது பாதியில் நின்றுவிடும். வாஷ்டவுன் வகையின் பாதை குட்டையானது, அகலமானது. எளிதில் அடைக்காது, குறைந்த தண்ணீரிலும் வேலை செய்யும். நீர்ப்பரப்பு சிறியதாக இருப்பதால் பிரஷ்ஷை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு வாஷ்டவுனே ஏற்றது என்பது என் கருத்து. காரணம் தண்ணீர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, சென்னையின் எத்தனையோ வீடுகளில் ஃப்ளஷ் தொட்டியின் குழாயை அடைத்துவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினார்கள். எந்தக் கிளாசெட்டும் வாளித் தண்ணீருக்கு இறங்கும். ஆனால் வாஷ்டவுனுக்கு அரை வாளி போதும், சைஃபானிக்குக்கு முழு வாளியையும் ஒரேயடியாகக் கவிழ்க்க வேண்டும். மாநகராட்சிக் குடிநீர் தடையின்றி வரும் வீட்டில், அமைதியும் சுத்தமும் முதன்மை என்று கருதுபவர்கள் தாராளமாகச் சைஃபானிக்கை எடுக்கலாம்.

இரண்டு பொத்தான் ஃப்ளஷ் கட்டாயம் இருக்கட்டும். இன்று எங்கும் காணப்படும் இந்த அமைப்பை ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்ப்சன் 1980-இல் வடிவமைத்தார். வறண்ட நாட்டில் பிறந்த யோசனை. கணக்கைப் பாருங்கள். நால்வர் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் முழு ஃப்ளஷ் ஒன்றும் பாதி ஃப்ளஷ் நான்கும் செய்வதாக வைத்துக்கொண்டால், 10 லிட்டர் இறக்கும் பழைய தொட்டிக்கு 200 லிட்டர் செலவாகும். 6 லிட்டர், 3 லிட்டர் என்று இறக்கும் தொட்டிக்கு 72 லிட்டர். நாளொன்றுக்கு 128 லிட்டர் மிச்சம் என்பது மோட்டார் ஓடும் நேரத்திலேயே தெரியும்.

அப்படியானால் 4 லிட்டர், 2 லிட்டர் மாடல் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். எல்லா வீட்டுக்கும் அல்ல. கிளாசெட்டிலிருந்து செப்டிக் டேங்க் வரையோ தெருச் சாக்கடை வரையோ படுக்கையாகச் செல்லும் குழாய் நீளமாக இருந்து, சரிவும் போதாமல் இருந்தால், குறைந்த நீரில் கழிவு நடுவழியிலேயே தங்கிவிடும். 40-க்கு 1 என்ற சரிவு, அதாவது 3 மீட்டர் நீளத்துக்கு 75 மி.மீ. இறக்கம், இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். சந்தேகமான பழைய குழாய் உள்ள வீட்டுக்கு 6/3 அளவே பாதுகாப்பானது.

கிண்ணத்தின் மேல்விளிம்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய பாணி விளிம்பு உட்பக்கம் மடிந்து, அதன் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தத் துளைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்து, ஒரு பக்கம் தண்ணீர் வருவதே நின்றுவிடும். ஒரு சிறு கண்ணாடியை விளிம்புக்குக் கீழே காட்டிப் பார்த்தால் அந்தப் படிவு பல் காரையைப் போலத் தெரியும். ரிம்லெஸ் எனப்படும் விளிம்பு மடிப்பற்ற கிண்ணத்தில் துளைகளே இல்லை. போர் தண்ணீரை நம்பியுள்ளவர்கள் வேறு எந்தச் சிறப்பம்சத்துக்கும் கூடுதல் பணம் தராவிட்டாலும் இதற்குத் தரலாம். கடையில் ஓடும் தண்ணீருடன் மாதிரி வைத்திருந்தால் முழு ஃப்ளஷ்ஷை அழுத்தி, தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தெறிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்காவில் 2003 முதல் மேப் என்ற சோதனை நடைமுறையில் உள்ளது. சோயாக் கூழை உருட்டிக் கிண்ணத்தில் போட்டு, ஒரே ஃப்ளஷ்ஷில் எத்தனை கிராம் வெளியேறுகிறது என்று அளந்து மதிப்பெண் தருகிறார்கள்; உச்ச அளவு 1,000 கிராம். அங்கும் விற்கப்படும் மாடலை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மதிப்பெண்ணை இணையத்தில் தேடிப் பார்ப்பது, விளம்பர வாசகங்கள் அனைத்தையும் படிப்பதைவிடப் பயன் தரும்.

மேல்மாடியில் இருப்பவர்களின் தண்ணீர் அழுத்தம்

மாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள வீட்டில் ஷவர் மெதுவாக வருவதைப் பார்த்தவர்கள், ஃப்ளஷ்ஷும் அப்படித்தான் இருக்குமோ என்று அஞ்சுகிறார்கள். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும், மொட்டைமாடியில் 1.5 மீட்டர் மேடையில் தொட்டி இருந்தால், அதற்கு நேர்கீழே உள்ள தளத்தில் கிடைப்பது 0.4 பார் அளவே. ஆனாலும் ஒன் பீஸ் கிளாசெட்டின் ஃப்ளஷ் வேகம் இந்த அழுத்தத்தைச் சார்ந்தது அல்ல. தன் தொட்டியில் சேர்த்த நீர் கீழே விழும் விசையில்தான் அது வேலை செய்கிறது. குறைந்த அழுத்தத்தால் தொட்டி மறுபடி நிரம்பும் நேரம் மட்டுமே நீளும். ஒரே குளியலறையை ஆறேழு பேர் காலையில் வரிசையாகப் பயன்படுத்தும் வீட்டில் அது தொல்லையாகலாம். தொட்டியே இல்லாத, குழாய் அழுத்தத்தில் நேரடியாக ஃப்ளஷ் செய்யும் மின்சாரக் கிளாசெட்டுகளின் கதை வேறு; பிரஷர் பம்ப் இல்லாத மேல்தளத்துக்கு அவை வேண்டாம்.

நான்காம் படி: உயரமும் இருக்கையும்

வழக்கமான கிளாசெட்டின் பீங்கான் விளிம்பு தரையிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம் இருக்கும். 430 மி.மீட்டருக்கு மேல் உயர்த்திய மாடல்கள் முதியோருக்கு வசதி என்று விற்கப்படுகின்றன. அவை உயரமான மேலைநாட்டு உடல்வாகை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஐந்தடி உயரமுள்ள நம் வீட்டுப் பாட்டி அதில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுமையாகப் பதியாது. பாதம் பதியாதவருக்கு மலம் கழிப்பதும் சிரமம், எழுவதும் சிரமம். அதிகம் பயன்படுத்தப்போகும் முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கையுடன் சேர்த்த உயரம் அதற்குச் சமமாகவோ, சற்று மட்டும் கூடுதலாகவோ இருப்பதே சரி. எழுவதற்கு உதவி தேவைப்பட்டால் உயரத்தைக் கூட்டுவதைவிடச் சுவரில் ஒரு உறுதியான கைப்பிடிக் கம்பியைப் பொருத்துவது மேல். டைல்ஸ் ஒட்டும் முன்பே அதற்கான இடத்தை முடிவு செய்துவிட்டால் பின்னால் டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை.

இருக்கை மூடிகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் வருகின்றன. பி.பி. எனப்படும் பாலிப்ரொப்பிலீன் இலேசானது, வளைந்து கொடுக்கும், விலை குறைவு. யூ.எஃப். எனப்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு கனமானது, கீறல் விழாது, பீங்கானைப் போன்ற பளபளப்பு நெடுநாள் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும். எதுவானாலும் கீலைப் பாருங்கள். நாம் கழுவிக்கொள்ளக் கையில் பிடிக்கும் நீர்த்தெளிப்பானான ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்துபவர்கள். இருக்கையின் பின்பகுதி நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். முலாம் பூசிய இரும்புக் கீல் ஓராண்டில் துருப்பிடித்து பீங்கானில் செந்நிறக் கோடு இறங்கும். துருப்பிடிக்காத எஃகுக் கீல் வேண்டும். பொத்தானை அழுத்தினால் இருக்கை முழுவதும் கழன்று வரும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒன் பீஸ் மாடல்களின் இருக்கை வடிவம் மாடலுக்கு மாடல் மாறுவதால், ஐந்தாண்டு கழித்து உதிரி இருக்கை கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: கடையில் கையால் சோதித்தல்

நல்ல கிளாசெட் விட்ரியஸ் சைனா என்ற கண்ணாடித் தன்மையுள்ள பீங்கானால் ஆனது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2556 தரத்தின்படி இதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பொருளின் மீதோ பெட்டியின் மீதோ இருக்கின்றனவா என்று பாருங்கள். பாரிவேர், ஹிந்த்வேர், செரா, ஜாக்குவார், கோலர், டோட்டோ போன்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. குஜராத்தின் தான்கட், மோர்பி பகுதிகளிலிருந்து வரும் அதிகம் அறியப்படாத பெயர்களிலும் நல்ல பொருள்கள் உண்டு. அவற்றுக்கு உதிரிபாகமும் உத்தரவாதமும் தர உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

காட்சிக்கு வைத்ததைப் பார்த்துவிட்டு வராமல், உங்களுக்கு வரப்போகும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். விரல் முட்டியால் பல இடங்களில் தட்டுங்கள். தெளிவான ஓசை வர வேண்டும், உடைந்த மண்பானையின் ஓசை வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மெருகில் உள்ள ஊசித் துளைகளும் அலைகளும் தெரியும். பிறகு கிண்ணத்தின் வெளியேறும் வாய்க்குள் கையை விட்டு, விரல் எட்டும் தூரம்வரை தடவிப் பாருங்கள். அங்கும் மெருகு வழுவழுப்பாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று மெருகிடாமல் விட்ட பாதை சொரசொரப்பாக இருக்கும், கழிவு அங்கேதான் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

கடைசியாக, கிளாசெட்டைச் சமதளத்தில் நிறுத்தி மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். பீங்கான் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடப்படும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குவதால், அடிப்பாகம் சற்றே கோணுவது இயல்பு. இலேசான ஆட்டத்தைப் பொருத்தும்போது சரிசெய்யலாம். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் வேறொன்றைக் கேளுங்கள்.

ஆறாம் படி: பொருத்தும் நாளில் உடன் நிற்றல்

முதலில் கிளாசெட்டை எதையும் ஒட்டாமல் அதன் இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் குளியலறைத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாக இருக்கும் என்பதால் ரசமட்டத்தை விளிம்பின்மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து, தாழ்ந்த பக்கத்துக்குப் பிளாஸ்டிக் ஆப்பு கொடுக்க வேண்டும். தரைக் குழாயின் வாயையும் கிளாசெட்டின் வாயையும் இணைப்பது ரப்பர் காலரோ மெழுகு வளையமோதான்; சிமெண்ட் கலவையை அங்கே பூசவிடாதீர்கள்.

நம் பிளம்பர்களில் பலர் கிளாசெட்டின் அடியில் ஒயிட் சிமெண்டை நிரப்பி உட்காரவைப்பார்கள். அது இறுகியபின் பீங்கானோடு ஒன்றிவிடும். எதிர்காலத்தில் ஓர் அடைப்பை எடுக்கக் கழற்ற நேர்ந்தால் கிளாசெட்டை உடைத்துத்தான் எடுக்க முடியும். மாடலுடன் வரும் போல்ட்டுகளையோ பக்கக் கிளிப்புகளையோ பயன்படுத்தி இறுக்கி, விளிம்பைச் சுற்றிப் பூஞ்சை எதிர்ப்புள்ள சிலிக்கான் போட்டால் போதும். போல்ட்டை இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒரே பக்கம் அழுத்தி முறுக்கினால் பீங்கான் வெடிக்கும். சிலிக்கானைச் சுற்றிலும் போட்டாலும் பின்புறத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவைக்கும்படி சொல்லுங்கள். காலர் எப்போதாவது கசிந்தால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளியே வந்து தெரிவிக்கும். இல்லையேல் கீழ் வீட்டுக்காரர்தான் வந்து தெரிவிப்பார்.

ஹெல்த் ஃபாசெட்டின் கொக்கி, உட்கார்ந்தவரின் வலக்கை எட்டும் பக்கத்தில் வரட்டும். இடக்கைப் பக்கம் பொருத்திவிட்டுப் பிறகு குறுக்கே இழுத்துக்கொண்டு தவிக்கும் வீடுகள் பல. சிலிக்கான் போடுவதற்கு முன் பத்து முறை முழு ஃப்ளஷ் செய்து அடிப்பாகத்தைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். போட்டபின் ஒரு நாள் முழுவதும் யாரும் உட்கார வேண்டாம்.

பொருத்திய பின்

புதுக் குழாயில் இருக்கும் மணலும் பைப் துருவலும் முதல் சில வாரங்களில் ஃப்ளஷ் வால்வின் வாஷரில் வந்து அமர்ந்துகொள்ளும். அதனால் கிண்ணத்துக்குள் சத்தமின்றிக் கசியும் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. மோட்டார் அடிக்கடி ஓடுவதுதான் தெரியும். தொட்டி நீரில் சிறிது உணவு வண்ணத்தைக் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கிண்ணத்து நீரில் வண்ணம் தென்பட்டால் ஆங்கிள் காக்கை மூடி, தொட்டியைக் காலி செய்து, வாஷரைக் கழுவிப் பொருத்த வேண்டும். வண்ணம் வரவில்லையென்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பார்ப்பது நல்லது.

உப்புப் படிவுக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பீங்கான் மெருகை எளிதில் அரிக்காதுதான். ஆனால் அதன் ஆவி ஆங்கிள் காக், கீல், ஃபாசெட் ஆகியவற்றின் முலாமைத் தின்றுவிடும், டைல்ஸ் இடுக்குகளை அரிக்கும், செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரிகளையும் கொல்லும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து. சிட்ரிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து, கிண்ணத்தின் நீரைக் குறைத்துவிட்டு, இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் தேய்த்தால் பெரும்பாலான வெள்ளைப் படிவு இளகிவிடும்.

நீண்ட நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் பூட்டு. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை பெற்ற அந்த எஸ் வடிவ வளைவு இன்றுவரை மாறவில்லை. கோடையில் மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் அந்த நீர் ஆவியாகி, வீடே நாறும். கிளம்பும் முன் கிண்ணத்து நீரின் மேல் இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெயை ஊற்றி மூடியைச் சாத்திவிட்டுப் போனால் ஆவியாவது வெகுவாகக் குறையும். ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டுச் செல்லுங்கள்.

மாடல் எண், அளவு வரைபடம், பில் மூன்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் பீங்கானுக்கு ஒன்றாகவும், தொட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கு வேறாகவும், இருக்கைக்கு இன்னொன்றாகவும் இருக்கும்; முதலில் பழுதாவது எப்போதும் பிளாஸ்டிக் பாகமே என்பதால், அதற்கு எத்தனை ஆண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.